குடியானவர் வீட்டிலிருந்து கொழும்பு வரை: அஹ்மத் ஒராபி பாஷா

கொழும்பு ஜாஹிரா கல்லூரியின் பெயரை நம்மவர்களில் அறியாதார் சிலரே. 1892ஆம் ஆண்டு அது மதரஸாவாகத் தொடங்கப்பெற்றபோது போஷகராக நின்று ஆதரித்தவர், எகிப்து நாட்டிலிருந்து நாடு கடத்தப்பெற்ற அஹ்மத் ஒராபி பாஷா அவர்கள். பிரிட்டிஷாரை எதிர்த்த படைத்தளபதி என்றே அவர்களைப் பலரும் அறிவர். ஆனால், அவர்கள் பிறந்த குடும்பத்தை அறியாமல் அவர்களின் போராட்டத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

ஷர்கிய்யா மாகாணத்தில், ஸகாஸீக் நகரை அடுத்த ஹிரிய்யத் ரஸ்னா என்னும் சிற்றூரில் 1841ஆம் ஆண்டு அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் முஹம்மத் ஒராபி, உழவுத் தொழில் செய்த குடியானவர். அவ்வூரின் ஷெய்க், அதாவது ஊர்த் தலைவர். பெருநிலக்கிழார் அல்லர், ஆயினும் ஊரளவில் வசதியும் மதிப்பும் உடையவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரர் ஹுஸைன் (ரலி) அவர்களின் வழிவந்தோர் தாங்கள் என்பது அக்குடும்பத்தார் போற்றிவந்த மரபு.

அக்காலத்தில் எகிப்தியக் கிராமத்தின் ஷெய்காக இருப்பது எளிதான பதவியன்று. அரசுக்குரிய வரியை வசூலித்துத் தரவேண்டும். கால்வாய் வெட்டக் கூலியில்லா ஊழியத்திற்கு ஆள் அனுப்பவேண்டும். பட்டாளத்திற்கு இளைஞர்களைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். அரசுக்கு அவர் ஊரின் ஆள். ஊருக்கோ அரசின் ஆள். நம் பக்கத்தில் நாட்டாண்மை செய்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடத்தை விளக்கத் தேவையில்லை.

எகிப்தை 1848ஆம் ஆண்டு தாக்கிய காலரா நோயில் தந்தையார் வஃபாத்தானார்கள். சிறுவர் அஹ்மதை வளர்க்கும் பொறுப்பை மூத்த சகோதரர் ஏற்றுக்கொண்டார். குர்ஆன் ஓதுதலோடு, ஊர்க் கணக்கு எழுதிவந்த கிப்திய கிறிஸ்தவர் ஒருவரிடம் எழுத்தும் கணக்கும் பயின்றார்கள். பின்னர்க் கெய்ரோ சென்று அல்அஸ்ஹரில் கல்வி கற்றார்கள். ஆலிமாகவோ, தந்தையின் இடத்தில் ஊர்த் தலைவராகவோ ஆகவேண்டிய பிள்ளை.

பாதையை மாற்றியது 1854ஆம் ஆண்டு. அதுவரை ஏழைக் குடியானவரின் மக்களே படைக்குப் பிடிக்கப்பட்டனர். ஸயீத் பாஷா ஆட்சிக்கு வந்ததும் ஊர்த் தலைவர்களின் மக்களும் படையில் சேரவேண்டும் எனக் கட்டளையிட்டார். பிறர் பிள்ளைகளைப் பட்டாளத்திற்கு அனுப்பிய வீட்டிலிருந்து இப்போது சொந்தப் பிள்ளை போகவேண்டியதாயிற்று. துருக்கியரும் சர்க்காசியரும் மட்டுமே வகித்துவந்த அதிகாரி பதவிகளை மண்ணின் மைந்தர்களுக்கும் ஸயீத் திறந்துவிட்டதால், இருபது வயதளவிலேயே அஹ்மத் உயர்பதவியை எட்டினார்கள். 1863இல் இஸ்மாயீல் பட்டத்திற்கு வந்தபின் அக்கதவு மூடிக்கொண்டது. சர்க்காசியத் தளபதி ஒருவரின் பகையால் வேலையையும் இழந்து, மீண்டும் சேர்ந்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் பதவி உயர்வின்றித் தேங்கினார்கள்.

நாடோ கடனில் மூழ்கி 1876இல் திவாலாயிற்று. வட்டிச் சுமை குடியானவர் தலையில் விழுந்தது. அந்த வரி எவ்விதம் பிழியப்படும் என்பதை ஒராபி அவர்கள் தம் வீட்டு வாசலிலேயே கண்டறிந்தவர்கள். ஆகையால், 1881 செப்டம்பர் 9ஆம் நாள் ஆப்தீன் அரண்மனை முன் படையுடன் சென்று கதீவ் தவ்ஃபீக்கிடம் அவர்கள் கேட்டவற்றில் படையினரின் குறைகள் மட்டுமின்றி, மக்கள் பிரதிநிதிகளின் சபையும் இருந்தது. 1882இல் போர் அமைச்சரானார்கள். ஜூலையில் பிரிட்டிஷ் கப்பற்படை அலெக்ஸாந்திரியாவைக் குண்டு வீசித் தாக்கியது. கிராமத்தார் தானியமும் குதிரையும் ஆளும் கொடுத்து உதவினர்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. பிரதிநிதிகள் சபையின் தலைவராயிருந்த முஹம்மத் சுல்தான் பாஷாவும் கிராமத் தலைவராகத் தொடங்கி உயர்ந்தவரே. ஆனால், அவர் பெருநிலம் சேர்த்தவர். நெருக்கடி வந்தபோது கதீவின் பக்கம் சாய்ந்து, பின்னர் பரிசும் பெற்றார். நிலத்தைக் காக்க நினைத்தவர் ஒருவர். நிலம் முழுவதையும் இழந்தவர் மற்றவர்.

செப்டம்பர் 13ஆம் நாள் தல் அல்கபீரில் எகிப்தியப் படை தோற்றது. வில்ஃப்ரிட் ப்ளண்ட் என்னும் ஆங்கிலேயர் வழக்கறிஞரை அமர்த்தி வாதாட உதவினார். மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது, சொத்துகள் பறிமுதலாயின. தோழர்கள் அறுவருடன் 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார்கள். அங்கே சித்திலெவ்வை மரைக்கார் அவர்கள் நடத்திய முஸ்லிம் நேசன் பத்திரிகை அப்போதுதான் தொடங்கியிருந்தது. முஸ்லிம் பிள்ளைகளின் நவீனக் கல்விக்காக உழைத்துவந்த அவ்வறிஞருக்கு ஒராபி அவர்கள் உறுதுணையானார்கள். அம்முயற்சியின் பயனே ஜாஹிரா.

தோழர்களில் மூவர் இலங்கை மண்ணிலேயே அடக்கமாயினர். கண்டியிலும் வாழ்ந்த ஒராபி அவர்கள் 1901இல் தாயகம் திரும்பினார்கள். வரவேற்பு குளிர்ந்திருந்தது, தோல்விக்கு அவரையே பழித்தோரும் இருந்தனர். நிலங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. 1911 செப்டம்பர் 21ஆம் நாள் கெய்ரோவில் வஃபாத்தானார்கள். இன்று ஷர்கிய்யா மாகாணம் செப்டம்பர் 9ஆம் நாளையே தன் மாகாண நாளாகக் கொண்டாடுகிறது. இலங்கையிலிருந்து திரும்பும்போது மாங்கன்றுகளைக் கொண்டுசென்று எகிப்தில் நட்டார்கள் என்றும் அந்நாட்டார் சொல்வதுண்டு. உழவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி வழங்கும் கதைகளில் அதுவும் ஒன்று.