படைவீரர் துயர் துடைத்த குட்மன்

நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் படைவீரர் ஒருவர் இருந்தார். எல்லையில் முதுகில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வின்றி ஊர் திரும்பியவர். அம்மா தரும் கஞ்சியை அவர் வீட்டிற் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அறை வாயிலிலேயே நின்றுவிடுவேன். படுக்கைப் புண்ணின் நாற்றம் என்னை உள்ளே விடாது. ஓராண்டிற்குள் அவர் மறைந்தார். விதி என்றனர் ஊரார், நானும் நம்பினேன். அது விதியன்று என்பதை, முதுகலை பயில இந்தப் புனே நகருக்கு வந்த பின்னரே அறிந்தேன். அறிவித்தது ஒரு மருத்துவரின் வாழ்க்கை. அவர்தாம் லுட்விக் குட்மன்.

1899-ஆம் ஆண்டு ஜெர்மனியின் சைலீசியப் பகுதியில், யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார் குட்மன். 1917-இல் மருத்துவமனையொன்றில் தொண்டராகப் பணியாற்றியபோது, முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கண்டார். சில வாரங்களில் இறப்பவருக்குக் குறிப்பெழுதுவது வீண் என்று மூத்தோர் கூறினர். அவ்வாறே ஐந்து வாரங்களில் அவர் இறந்தார். பதினெட்டு வயது இளைஞரின் நெஞ்சில் அக்காட்சி ஆழப் பதிந்தது.

பின்னர்ப் பிரெஸ்லாவ் நகரில் நரம்பியல் வல்லுநராகப் புகழ் பெற்றார். 1933-இல் நாஜி ஆட்சி யூத மருத்துவர்களை விலக்கியது. யூத மருத்துவமனைக்குச் சென்று பணி தொடர்ந்தார். 1938 நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட இரவில், அடைக்கலம் தேடி வந்தோரையெல்லாம் நோயாளிகளாகச் சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ அறுபது பேரைக் காத்தார். 1939-இல் மனைவி மக்களுடன் இங்கிலாந்து சேர்ந்தார்.

போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்காக, 1944 பிப்ரவரி முதல் நாள் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. பொறுப்பேற்றார் குட்மன். அக்காலத்தில் இத்தகையோரைச் சாந்துக் கட்டிற் கிடத்திவிட்டு, சாவை எதிர்நோக்கியிருப்பதே வழக்கம்.

அவர்களைக் கொன்றது முறிந்த எலும்பன்று என்று குட்மன் கண்டார். உணர்விழந்த உடல் ஒரே இடத்தில் அழுந்தினால் அங்கே குருதியோட்டம் தடைப்படும், தசை அழுகும், நஞ்சு குருதியிற் கலக்கும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். ஆகவே சாந்துக் கட்டுகளை அகற்றினார். இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். நள்ளிரவில் தாமே வந்து சோதிப்பார். சிறுநீர்க் குழாயைத் தூய்மையுடன் செலுத்தும் முறையை வகுத்தார். புதுமருந்து எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. சாவின் காரணத்தைத் தேடினார், தடுத்தார், அவ்வளவே.

உயிர் பிழைத்தால் போதுமா? வாழவும் வேண்டுமே! தொழிற்கூடமும் விளையாட்டும் மருத்துவத்தின் பகுதிகளாயின. 1948 ஜூலை 29-ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, சக்கர நாற்காலியில் அமர்ந்த பதினாறு பேர் அங்கே வில்லெய்தனர். அவ்விதை 1960-இல் ரோமில் 23 நாடுகளின் விழாவாக வளர்ந்து, பின்னாளில் பாராலிம்பிக் எனப் பெயர் பெற்றது. 1966-இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'சர்' பட்டம் அளித்தது. 1980-இல் அவர் இயற்கை எய்தினார்.

1965-ஆம் ஆண்டுப் போரிற் குண்டடிபட்ட நம் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஹைடல்பர்க் நகரில் நீந்தித் தங்கம் வென்றது அவ்விழாவில்தான். தண்டுவடம் முறிந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் ஒன்று, 1974 முதல் நம் புனேயின் கட்கிப் பகுதியிலேயே இயங்கி வருகிறது.

தோழர்களே! விடுமுறைக்கு ஊர் செல்வீர்கள். உங்கள் தெருவிலும் எழ முடியாமற் கிடப்பவர் ஒருவர் இருக்கலாம். என்னைப்போல் வாயிலில் நின்றுவிடாதீர்கள். உள்ளே சென்று, அவ்வீட்டாரிடம் இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். முதன்முறை நீங்களே கைகொடுங்கள். எனக்கு அது அன்று தெரியவில்லை.