20+10+10=10? நியூட்ரல் வயர் கணக்கை எளிதாக்கிய ஸ்டைன்மெட்ஸ் யார்?

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டும்போது வரிசையாகக் கடை லைட்டுகள். அதில் ஒரு வரிசைக்கு மும்முனை மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் பழைய குண்டு பல்பு. ஒரு ஃபேஸில் 20 ஆம்பியர், மற்ற இரண்டில் தலா 10. பொதுவான நியூட்ரல் வயரில் எவ்வளவு ஓடும்? 40 இல்லை, வெறும் 10 தான்.

மூன்று ஃபேஸும் 120 டிகிரி தள்ளித் தள்ளி வருவதால், மூன்றும் சமமாக இருந்தால் நியூட்ரலில் பூஜ்ஜியம். அந்த 20-ல் 10 மற்ற இரண்டோடு சேர்ந்து காணாமல் போகும், மிச்சம் 10. சரி, 30, 20, 10 என்றால்? சுமார் 17.3. இங்கே மனக்கணக்கு உதவாது.

லோடு சமமில்லாத நேரத்தில் நியூட்ரல் கட்டானால்தான் ஆபத்து. லோடு குறைவான ஃபேஸில் 230 வோல்ட் ஏறி 400 பக்கம் போய்விடலாம். டிவி, ஃப்ரிட்ஜ் காலி.

யார் இந்த ஸ்டைன்மெட்ஸ்?

ஏசி மின்சாரக் கணக்கை எளிதாக்கிய சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ், 1865-ல் இன்றைய போலந்தில் உள்ள ப்ரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். அப்பா ரயில்வே ஊழியர். பரம்பரையாக வந்த முதுகு வளைவால் உயரம் சுமார் 4 அடிதான். சோஷலிசப் பத்திரிகையில் எழுதியதால் கைதாகும் நிலை வர, 1888-ல் ஊரை விட்டே தப்பினார். அடுத்த வருஷம் நியூயார்க்கில் இறங்கியபோது, உடலைப் பார்த்துவிட்டு அதிகாரிகள் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கூட வந்த நண்பர் பொறுப்பேற்றதால்தான் உள்ளே விட்டார்கள்.

அதுவரை ஏசி கணக்கு என்றாலே பக்கம் பக்கமாகக் கால்குலஸ். 1893-ல் சிகாகோ மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் வேறு வழி சொன்னார். கரண்ட்டின் அளவையும் கோணத்தையும் ஒரே எண்ணாக எழுதினால், சாதாரணக் கூட்டல், பெருக்கலிலேயே வேலை முடியும். பிளஸ் 2-வில் நாம் முழித்த அதே கலப்பு எண்கள்தான்! அந்த 17.3-ஐயும் இப்படித்தான் எடுக்கிறார்கள். (எல்இடி லைட் நிறைய இருந்தால், சமமாகப் பிரித்தாலும் நியூட்ரலில் கரண்ட் வரும். அது தனிக் கணக்கு.)

பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் வேலை, பேராசிரியர் பதவி, ஆய்வகத்தில் செயற்கை மின்னல். முதுகு வளைவு பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று கல்யாணமே செய்யவில்லை. உதவியாளர் ஹேடனை மகனாகத் தத்தெடுத்து, அவருடைய பிள்ளைகளுக்குத் தாத்தாவாக ஒரே வீட்டில் வாழ்ந்தார். 1923 அக்டோபரில், 58 வயதில், அந்த வீட்டிலேயே இறந்தார்.