எம். ஆர். ராதா

எம். ஆர். ராதா (ஏப்ரல் 14, 1907 – செப்டம்பர் 17, 1979) தமிழ் நாடக நடிகரும் திரைப்பட நடிகரும் ஆவார். இவரது முழுப்பெயர் மதராஸ் ராஜகோபாலன் ராதாகிருஷ்ணன். நடிகவேள் என்ற பட்டத்தால் பரவலாக அறியப்படுகிறார். இரத்தக்கண்ணீர் நாடகமும் அதே பெயரில் 1954-இல் வெளிவந்த திரைப்படமும் இவருக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தன. பெரியார் ஈ. வெ. இராமசாமியின் கொள்கைகளை மேடையில் ஏற்றியவர். 1967-இல் எம். ஜி. ஆரைச் சுட்ட வழக்கில் சிறைத்தண்டனை பெற்றவர். பிற்காலத் தலைமுறையினர் பலருக்கு இந்தக் கடைசிச் செய்தி மட்டுமே தெரிந்திருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் அவர் மேடையில் செய்தவையே தமிழ்நாட்டு வரலாற்றில் கூடுதலாகப் பேசப்பட வேண்டியவை.

இளமை

சென்னையில் பிறந்த ராதா, படைவீரராக இருந்த தந்தையை முதல் உலகப்போர்க் காலத்தில் இழந்தார். பள்ளிப் படிப்பு நிலைக்கவில்லை. உணவின்போது தாய் இன்னொரு மீன் துண்டு தர மறுத்ததால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறியதாகப் பின்னாளில் அவரே கூறியிருக்கிறார். அப்படி வெளியேறிய சிறுவனுக்குப் புகலிடம் தந்தது நாடகக் குழு. ஆலந்தூர்க் குழு ஒன்றில் தொடங்கி, ஜெகந்நாதய்யர் குழு உள்ளிட்ட பல பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தார்.

சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய இக்குழுக்களே அக்காலத்தில் நடிகர்களுக்கான பயிற்சிக்கூடங்கள். பாட்டு, வசனம், அடவு ஆகியவற்றுடன் அடியும் கிடைக்கும். ராதாவுக்குப் பாட்டு வரவில்லை. பாடத் தெரியாதவன் நடிகனே அல்லன் என்று கருதப்பட்ட காலத்தில் இது சிறிய குறை அன்று. அதற்கு ஈடாக அவர் கற்றுக்கொண்டவை மின்சார வேலையும் மோட்டார் பழுதுபார்க்கும் வேலையும். பின்னாளில் தமது சொந்தக் குழுவிலும் விளக்கு, இயந்திர வேலைகளைத் தாமே கவனித்தார். நடிப்பைப் போலவே இத்தொழிலறிவிலும் அவருக்குப் பெருமை இருந்தது.

நாடக மேடையில்

இழந்த காதல் நாடகத்தில் ஏற்ற ஜெகதீசு என்னும் எதிர்மறை வேடமே ராதாவைத் தனித்து அடையாளம் காட்டியது. மேடையில் நடிகன் பார்வையாளருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது அன்றைய எழுதப்படாத விதி. ராதா அந்நாடகத்தின் முக்கியமான ஒரு காட்சியில் பல நிமிடங்கள் முதுகைக் காட்டியபடியே பேசினார். கூட்டம் கைதட்டியது. முகம் தெரியாமல் குரலையும் தோளையும் மட்டும் கொண்டு ஓர் அரங்கைக் கட்டிப்போட முடியும் என்பதைத் தமிழ் மேடை அன்று கண்டது.

இதே நாடகம் தொடர்பாக மற்றொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுகிறது. நாடகம் திரைப்படமானபோது தமது வேடம் வேறொருவருக்குச் சென்றதால் சினமடைந்த ராதா, அதற்குக் காரணம் எனக் கருதிய என். எஸ். கிருஷ்ணனைச் சுடுவதற்காகத் துப்பாக்கி வாங்கினார் என்றும், செய்தி அறிந்த கிருஷ்ணன் நேரில் வந்து பேசி அவரை அமைதிப்படுத்தினார் என்றும் கூறுவர். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வது வழக்கம். 1967-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அறிந்தவர்களால் அப்படிச் சிரித்துவிட்டுப் போக இயலாது.

1937-இல் வெளியான ராஜசேகரன் அவரது முதல் திரைப்படம். பம்பாய் மெயில் (1939), சந்தனத்தேவன் (1939), சத்தியவாணி (1940) முதலிய படங்களிலும் நடித்தார். ஆனால் திரைப்படத்துறை அவருக்குப் பிடிக்கவில்லை. மேடைக்கே திரும்பிவிட்டார். சரஸ்வதி கான சபா என்ற பெயரில் அவர் நடத்திய குழுவில் பின்னாளில் சிவாஜி கணேசன் என்று புகழ்பெற்ற வி. சி. கணேசனும் இளம் வயதில் நடித்தார்.

1940-களில் ராதாவின் நாடகங்கள் முழுமையாகப் பகுத்தறிவு இயக்கத்தின் குரலாக மாறின. விதவை மறுமணத்தை வற்புறுத்திய விமலா அல்லது விதவையின் கண்ணீர், பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கொலையை ஒட்டிய இலட்சுமிகாந்தன், மு. கருணாநிதி எழுதிய தூக்குமேடை ஆகியவை குறிப்பிடத்தக்கவை. தூக்குமேடை நாடகத்தின்போதுதான் ராதா கருணாநிதிக்குக் கலைஞர் என்ற பட்டத்தை அளித்தார்.

எழுத்தில் இருந்த நாடகமும் மேடையில் நடந்த நாடகமும் ஒன்றல்ல என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். அன்றைய நாளிதழில் வந்த செய்தி அன்றிரவே வசனத்தில் இடம்பெறும். ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் பேச்சு மாறும். கட்டைக்குரலில் தொடங்கும் ஒரு வாக்கியம் கீச்சுக்குரலில் முடியும். இரட்டைப்பொருள் வசனங்களும் பாலியல் கிண்டலும் கடவுளர் பற்றிய நையாண்டியும் கலந்து வரும். பார்வையாளரையே முட்டாள்கள் என்று திட்டுவார். அவர்களும் அதற்காகவே சீட்டு வாங்கி வருவார்கள். கூட்டத்தில் எவரேனும் எதிர்க்குரல் கொடுத்தால், கதையை நிறுத்திவிட்டு அவருக்குப் பதில் சொல்லிய பின்பே தொடர்வார்.

1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் எழுந்த பங்க் ராக் இசையும், டெரிக் ஜார்மனின் ஜூபிலி (1978) போன்று அதனை ஒட்டி வந்த திரைப்படங்களும் இதே குணத்துக்காகப் பேசப்பட்டவை: மெருகின்மையை மெருகாகக் கொள்வது, ஆபாசம் என்ற குற்றச்சாட்டைப் பொருட்படுத்தாதது, எதிரே இருக்கும் கூட்டத்தையே சீண்டுவது. இவ்விரண்டிற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. இருப்பினும் அவ்விசையின் கலகத்தைத் தமிழில் எதனோடு ஒப்பிடலாம் எனக் கேட்டால், நம் திரைப்பட இசையில் தேடுவதை விட ராதாவின் மேடையில் தேடுவதே பொருத்தம். ஒரு வேறுபாடு உண்டு. எதிர்காலம் இல்லை என்ற விரக்தி அங்கே இருந்தது. ராதாவின் ஏளனத்துக்குப் பின்னால் சாதி ஒழிப்பு, பெண்விடுதலை என்று ஒரு திட்டம் இருந்தது.

இராமாயணமும் நாடகச் சட்டமும்

1954-இல் ராதா நடத்திய இராமாயணம் நாடகம் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இந்நாடகத்தில் இராமன் வழிபாட்டுக்குரிய பாத்திரமாக அன்றி விமர்சனத்துக்குரிய பாத்திரமாகக் காட்டப்பட்டான். மனம் புண்படும் என்று கருதுவோர் தமது நாடகத்துக்கு வரவேண்டாம் என்று ராதா முன்கூட்டியே விளம்பரம் செய்தார். அவர்களின் பணமும் தமக்குத் தேவையில்லை என்பது அவர் நிலைப்பாடு. பல ஊர்களில் தடை உத்தரவு, கலவரம், கைது ஆகியன தொடர்ந்தன. கும்பகோணத்தில் இராமர் வேடத்துடனேயே அவர் கைதானதாகக் கூறப்படுகிறது. தடை செய்யப்பட்ட நாடகத்தைப் பெயர் மாற்றி வேறோர் ஊரில் நடத்துவது அவருக்குப் பழகிப்போன உத்தி.

அதே 1954-இல், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாண நாடக நிகழ்த்துதல் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆட்சேபத்துக்குரிய நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. திராவிட இயக்க நாடகங்களே, குறிப்பாக ராதாவின் நாடகங்களே இச்சட்டத்தின் இலக்கு என்று அப்போதே பேசப்பட்டது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் முன்னதாக ஒப்படைத்து அனுமதி பெறும் நடைமுறை தமிழ்நாட்டு நாடகக் குழுக்களைப் பல பத்தாண்டுகள் பிணைத்திருந்தது. மாலைச் செய்தியை இரவு வசனமாக்கும் ஒரு நடிகரை முன்கூட்டிய பிரதியைக் கொண்டு எவ்வாறு கட்டுப்படுத்த இயலும் என்பது வேறு கேள்வி. பெரியாரிடம் ஆழ்ந்த பற்றுக் கொண்டிருந்த ராதா, பெரியார் காமராசரை ஆதரித்தபோது தாமும் அவரை ஆதரித்தார். தம்மை ஒடுக்கவே வந்ததாகக் கூறப்பட்ட சட்டத்தைக் கொண்டுவந்த ஆட்சிக்கு அவரே வாக்குக் கேட்டது அவர் வாழ்வின் முரண்களுள் ஒன்று.

இரத்தக்கண்ணீர்

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய இரத்தக்கண்ணீர் நாடகம் 3,000 முறைக்கு மேல் மேடையேறியதாகக் கூறப்படுகிறது. பராசக்தி (1952) படத்தைத் தயாரித்த நேசனல் பிக்சர்சு பி. ஏ. பெருமாள் இதனைப் படமாக்கினார். இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு. பக்த நந்தனார் படத்துக்காக கே. பி. சுந்தராம்பாள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாயை விட 25,000 கூடுதலாகத் தந்தால்தான் நடிப்பேன் என்று ராதா கேட்டுப் பெற்றதாகச் சொல்வர்.

வெளிநாட்டில் படித்துத் திரும்பும் செல்வந்தன் மோகனசுந்தரம் தாயையும் மனைவியையும் புறக்கணித்து, காந்தா (எம். என். ராஜம்) என்ற பெண்ணிடம் சொத்தை இழக்கிறான், தொழுநோயாளியாகித் தெருவில் பிச்சை எடுக்கிறான். இறுதியில் தன் மனைவியை நண்பன் பாலுவுக்கு (எஸ். எஸ். ராஜேந்திரன்) மணமுடித்து வைக்கிறான். கணவன் உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு மறுமணம் என்பதை 1954-இல் திரையில் காட்டுவது துணிச்சலான செயல். படத்தின் முற்பகுதியில் ஆங்கிலம் கலந்து பேசித் திரியும் மோகனசுந்தரத்தின் திமிரையும், பிற்பகுதியில் கை முடங்கிய பின்னும் குறையாத அவனது நக்கலையும் ராதா ஒரே மூச்சில் கொண்டுவந்தார். சி. எஸ். ஜெயராமன் பாட, இடையிடையே ராதா வசனமாகக் குறுக்கிடும் பாடல் காட்சி புகழ்பெற்றது. பாடத் தெரியாத குறையையே அவர் பலமாக மாற்றிக்கொண்டதற்கு இக்காட்சி சான்று.

படத்தின் குறையையும் சொல்லியாக வேண்டும். தொழுநோய் ஒரு நுண்ணுயிரியால் வருவது. ஒழுக்கக்கேட்டின் தண்டனை அன்று. பாலியல் நோயும் அன்று. படம் வந்த காலத்திலேயே அதற்கு மருந்து இருந்தது. மூடநம்பிக்கையை எதிர்த்த ஒரு கலைஞரின் மிகப் பெரிய வெற்றி, ஒரு நோயைப் பற்றிய மூடநம்பிக்கையை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது. காந்தாவின் பாத்திரமும் தாசி என்றால் இப்படித்தான் என்ற பழைய அச்சிலிருந்து விலகவில்லை.

தெலுங்கில் நாகபூஷணம் இந்நாடகத்தைப் பல்லாண்டுகள் மேடையேற்றினார். கன்னடத்தில் 2003-இல் உபேந்திரா நடிப்பில் படமாக வெளிவந்தது.

பிற திரைப்படங்கள்

1960-களில் ராதா இல்லாத பெரிய படம் அரிது. பாவ மன்னிப்பு (1961), பாலும் பழமும் (1961), தாயைக் காத்த தனயன் (1962), இரட்டை வேடத்தில் நடித்த பலே பாண்டியா (1962), கற்பகம் (1963), கை கொடுத்த தெய்வம் (1964), சித்தி (1966) ஆகியவை சில. பெரும்பாலும் எதிர்மறை வேடங்களும் நகைச்சுவை வேடங்களுமே. தணிக்கைக்கு உட்பட்ட இப்படங்களில் மேடை ராதாவின் ஒரு பகுதியே தெரிகிறது.

திரைப்படப் புகழை அவர் மதிக்கவில்லை. நடிகன் கூலி வாங்கும் தொழிலாளி. அவனைத் தலைவனாகக் கொண்டாடுவது மடமை என்று மேடைகளில் பேசிவந்தார். தம் இம்பாலா காரில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றிச் சென்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது.

துப்பாக்கிச் சூடு

1967 சனவரி 12 மாலை, பெற்றால்தான் பிள்ளையா (1966) படத்தின் தயாரிப்பாளர் கே. கே. வாசுவுடன் ராதா, எம். ஜி. ஆரின் இராமாவரம் தோட்ட இல்லத்துக்குச் சென்றார். அன்று இராமாவரம் நகருக்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊராக இருந்தது. பேச்சின் நடுவே துப்பாக்கி வெடித்தது. எம். ஜி. ஆருக்கு இடது காதருகே குண்டு பாய்ந்தது. ராதாவும் குண்டுக் காயங்களுடன் விழுந்தார். இருவரும் இராயப்பேட்டை மருத்துவமனைக்கும் பின்னர்ப் பொது மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்டுப் பிழைத்தனர். எம். ஜி. ஆரின் குரல் நிரந்தரமாக மாறிவிட்டது.

அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். கழுத்தில் கட்டுடன் இருந்த எம். ஜி. ஆரின் படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபடியே அவர் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியைப் பிடித்தது. நடிகனைத் தலைவனாக்காதீர்கள் என்று பேசிவந்தவரின் தோட்டா, ஒரு நடிகரின் அரசியல் வாழ்வுக்கு எவரும் திட்டமிட்டுத் தந்திருக்க முடியாத உதவியைச் செய்தது.

வழக்கு செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்தில் நடைபெற்றது. எம். ஜி. ஆரே தம்மைச் சுட்டார் என்பது ராதாவின் வாதம். ராதா எம். ஜி. ஆரைச் சுட்டுவிட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார் என்ற அரசுத்தரப்பை நீதிமன்றம் ஏற்று, 1967 நவம்பரில் 7 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த ராதா 1971-இல் விடுதலையானார். கொள்கைக்காகச் சிறை சென்ற நாட்களோடு இதனைச் சேர்த்து எண்ணுவது சரியன்று. இது கொலை முயற்சி வழக்கு, கலகம் அன்று.

இறுதிக்காலம்

விடுதலைக்குப் பின் எழுத்தாளர் விந்தனிடம் ராதா பகிர்ந்துகொண்ட நினைவுகள் சிறைச்சாலைச் சிந்தனைகள் என்ற பெயரில் நூலாக வந்தன. பழைய நாடகங்களின் பகுதிகளைத் தொகுத்துக் கதம்பம் என மேடையேற்றினார். சமையல்காரன் (1974) உள்ளிட்ட சில படங்களில் நடித்தார். உடல்நலம் குன்றி, 1979 செப்டம்பர் 17 அன்று திருச்சியில் காலமானார். அன்று பெரியாரின் நூறாவது பிறந்தநாள். அப்போது தமிழ்நாட்டின் முதலமைச்சர் எம். ஜி. ஆர்.

ராதாவின் பிள்ளைகளில் எம். ஆர். ஆர். வாசு, ராதாரவி, ராதிகா, நிரோசா ஆகியோர் திரைப்படத்துறையில் புகழ்பெற்றவர்கள். சென்னை பெரியார் திடலில் உள்ள அரங்கம் ராதா மன்றம் என இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளரும் நாடகக் கலைஞருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது. நாளுக்கு நாள் மாறிய அந்த மேடைப் பேச்சோ அன்றிரவு கேட்டவர்களோடு போயிற்று. இரத்தக்கண்ணீர் படத்தின் வசன ஒலிநாடாக்கள் மட்டும் பல்லாண்டுகள் தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் ஒலித்துக்கொண்டிருந்தன.