மாடியில் குடுவைகள், மேலே வெயில்: சூரிய வேதியியலுக்கு 1912-லேயே கணக்குப் போட்ட ஜாகோமோ சமிச்சான் யார்?

நாம மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவோம். இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் மாடியில் ரசாயனங்களை வெயிலில் வைத்தார். கண்ணாடிக் குடுவைகள் வரிசையாக இருக்கும். சில மாசக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அவர்தான் ஜாகோமோ சமிச்சான்.

1857-ல், அப்போது ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த ட்ரியஸ்தே நகரில், ஆர்மீனிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் படிப்பு, கீசனில் டாக்டர் பட்டம், ரோமில் உதவியாளர் வேலை. 1889-ல் பொலோனியா வந்தவர், கடைசி வரை அங்கேயே இருந்துவிட்டார்.

அவரை உறுத்தியது ஒரு விஷயம். ஆய்வகத்தில் கடும் சூடும் அமிலமும் தேவைப்படும் வேலைகளை, ஒரு செடி வெறும் வெளிச்சத்தை வைத்தே எப்படிச் செய்கிறது? 1900 முதல் சக ஆய்வாளர் பால் சில்பருடன் இதிலேயே இறங்கினார். சிவப்பு ஒளி, நீல ஒளி எனப் பிரித்தும் சோதித்தார்கள். நீலம் வேலை செய்த இடங்களில் சிவப்பு பெரும்பாலும் சும்மா இருந்தது. டொலுவீனை நீர், ஆக்சிஜனோடு வெயிலில் வைத்தபோது அது பென்சாயிக் அமிலமாக மாறியது. கரிமப் பொருளை ஒளியால் ஆக்சிஜனேற்றம் செய்வது என்றால் இதுதான்.

1912-ல் நியூயார்க் மாநாட்டில் ஒரு கணக்கைச் சொன்னார். ஐரோப்பா, அமெரிக்கச் சுரங்கங்கள் வருஷத்துக்குத் தருவது சுமார் 110 கோடி டன் நிலக்கரி. வெப்பநாடுகளில் வெறும் 10,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு வருஷம் விழும் வெயிலோ, 365 கோடி டன் நிலக்கரிக்குச் சமம். நிலக்கரி ஒருநாள் தீரும். புகைபோக்கி இல்லாத தொழிற்சாலைகளுக்கு இப்போதே தயாராகணும் என்பது அவர் வாதம். கேட்டவர்கள் பாராட்டினார்கள், அதோடு சரி. இரண்டே வருஷத்தில் முதல் உலகப்போர் வந்துவிட்டது. நோபலுக்கு 9 முறை பரிந்துரைக்கப்பட்டும் பரிசு இல்லாமலே 1922-ல் இறந்தார். உலகம் பெட்ரோல் பக்கம் போய்விட்டது.

சரி, அந்த வழியில் இன்று என்ன நடக்கிறது? 1972-ல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும், டைட்டானியம் டை ஆக்சைடு மீது ஒளி பட்டால் தண்ணீரையே பிரிக்கலாம் என்று காட்டினார்கள். அதே பொருள் ஒளி வினையூக்கியாக, நீரில் கலந்த சாயத்தையும் மருந்துக் கழிவையும் சிதைக்கும். ஆனால் அதற்குப் புற ஊதா ஒளி வேணும். வெயிலில் அது 5 சதவீதம் அளவுக்குத்தான்.

மிச்ச வெயிலை வீணாக்கக் கூடாது என்றுதான், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும் நானோ இழைகளை உருவாக்குகிறார்கள். டைட்டானியத்தோடு நைட்ரஜன் சேர்ப்பது ஒரு வழி. கார்பன் நைட்ரைடு போன்ற வேறு பொருளுக்கே மாறுவது இன்னொரு வழி. உயர் மின்னழுத்தம் கொடுத்துக் கரைசலை முடியைவிட மெல்லிய நூலாக இழுத்து, பாய் போலப் பரப்புவார்கள். தூளாகப் போட்டால் நீரிலிருந்து திரும்ப எடுக்கவே பெரிய பாடு. பாயை அப்படியே தூக்கிவிடலாம்.

ஆய்வகத்தில் இது நன்றாகவே நடக்கிறது, ஏன்னா அங்கே பெரும்பாலும் தெளிந்த நீரில் ஒரே ஒரு சாயம்தான். ஆலைக்கழிவு கலங்கலாக, உப்போடு வருகிறது. அதில் வெளிச்சம் இழை வரைக்கும் போய்ச் சேருவதே இப்போதைய சிக்கல்.