குப்பையில் செல்வம் கண்ட அறிஞர்

விளைச்சலைப் பெருக்க விரும்பாத உழவர் இலர். ஆயின், விளைச்சல் பெருகுந்தோறும் கழிவும் உடன் பெருகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தானியம் களஞ்சியத்தையும் பஞ்சு சந்தையையும் அடைந்தபின், தாளும் தட்டையும் சருகும் சாணமும் எஞ்சி நிற்கின்றன. இவை மண்ணுக்கு உரிய செல்வம் எனத் தெளிந்து, அச்செல்வத்தை மண்ணுக்கே திருப்பித் தரும் நெறியை வகுத்தவர் ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கில அறிஞர்.

இவர் 1873-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் உழவர் குடியில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்றார். பின்னர் மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்நோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அங்கே தாம் கூறும் மருந்தைத் தாமே பயிரிட்டுச் சோதிக்க நிலமின்றி வருந்தினார்.

1905-ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்கு அரசாங்கத் தாவரவியல் அறிஞராக வந்தார். தாவரவியலில் வல்லவரான அவர்தம் துணைவியார் கேப்ரியேல் அம்மையாரும் ஆராய்ச்சியில் துணைநின்றார். இருவரும் உயர்ந்த கோதுமை வகைகளை உருவாக்கினர். அண்டையிலிருந்த குடியானவர்களின் பயிர்கள் பூச்சிமருந்தின்றியே செழித்திருப்பதைக் கண்ட ஹோவார்டு, அவ்வுழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார்.

1924-ஆம் ஆண்டில் இந்தூரில் அமைந்த பயிராராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார். அது பருத்தி விளையும் நாடு. அங்கே ஓர் இடர் அவர் முன் நின்றது. விறகு அரிதாகையால் சாணத்தில் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்பில் எரிந்தது. நிலத்திற்குக் கிடைத்ததோ சிறிதளவே. விலைகொடுத்து உரம் வாங்க ஏழை உழவனிடம் பொருளில்லை. சிறிதளவு சாணத்தைக் கொண்டு மிகுதியான பயிர்க்கழிவை எருவாக்க இயலுமா என்பதே வினா. சீன உழவர்கள் நெடுங்காலமாகக் கழிவுகளை எருவாக்கி வந்த முறையை அவர் நூல்வழி அறிந்திருந்தார். வேதியியல் அறிஞர் யஷ்வந்த் வாட் துணையுடன் அவ்வழியில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

பருத்திமார் எளிதில் மட்காது. ஆதலின் அதனை வண்டிப்பாதையில் பரப்பினர்; சக்கரங்கள் அதனை நொறுக்கின. பின்பு அது தொழுவத்தில் மாடுகளுக்குப் படுக்கையாயிற்று. அப்பால் பலவகைக் கழிவுகளையும், சாணத்தையும், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண்ணையும், சாம்பலையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு நீர் தெளித்தனர். நீர் குறைந்தால் மட்குதல் நின்றுவிடும். மிகுந்தால் காற்றுப் புகாமல் அழுகி நாறும். ஆகவே ஈரத்தை அளவாகக் காத்து, இடையிடையே கிளறிவிட்டனர். நுண்ணுயிர்கள் பெருகின; குவியல் சூடேறியது; ஏறத்தாழ மூன்று மாதங்களில் கரிய, மணமுள்ள எரு கிடைத்தது. இதுவே இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது.

1930-ஆம் ஆண்டில் கேப்ரியேல் அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டில், வேளாண் கழிவுகளைப் பற்றிய நூலை ஹோவார்டு வாட் அவர்களுடன் வெளியிட்டுத் தாயகம் திரும்பினார். காப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் அவர் முறை பரவியது. 1934-ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற அவர், 1947-ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவர் இரசாயன உரங்களை முற்றும் வெறுத்தார். வளமான மண்ணில் விளையும் பயிரை நோய் அணுகாது என நம்பினார். அறிஞர் பலர் இவற்றை உடன்படவில்லை. எருவாக்கும் வேலைக்கு ஆள்பலம் மிகுதியாக வேண்டும் என்பதும் மெய்யே. ஆயினும், மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பித் தரவேண்டும் என்ற அவர்தம் அடிப்படைக் கொள்கை அசையாது நிற்கின்றது.

இந்நூற்றாண்டில் பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் விளைச்சல் பெருகியுள்ளது. அறுவடைப் பொறி விட்டுச்செல்லும் தாளும் பெருகியுள்ளது. கோதுமை விதைக்கும் நாள் நெருங்குவதால் உழவர் பலர் அதற்குத் தீ வைக்கின்றனர். வானம் புகையால் மூடுகிறது. மண் தன் உணவை இழக்கிறது. வரவை மட்டும் எண்ணி முதலைக் கரைக்கும் வணிகன் நெடுநாள் வாழான். உழவுக்கும் அதுவே நியதி. கழிவை எருவாக்கும் நாட்டின் வளர்ச்சியே நிலைத்த வளர்ச்சியாகும்.