12 ஷில்லிங் பெட்டி

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க. வழியில பஸ் மாறும்போது லேப்டாப் பையை இன்னொரு பஸ்ல வச்சுட்டு இறங்கிட்டீங்க. உள்ளே நாலு மாச ப்ராஜெக்ட். பேக்கப் கிடையாது. நினைச்சாலே வயித்தைக் கலக்குதுல்ல?

1798 அக்டோபரில் இங்கிலாந்தில் 22 வயசுப் பெண் ஒருவருக்கு ஏறக்குறைய இதேதான் நடந்தது. அவர் பெயர் ஜேன் ஆஸ்டின். கென்ட் பகுதியில் இருந்த அண்ணன் வீட்டிலிருந்து அப்பா, அம்மாவோடு ஊர் திரும்பும் வழியில் டார்ட்ஃபோர்டில் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஜேனோட எழுதும் பெட்டியைக் காணோம். அப்போது புறப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு குதிரை வண்டியில் யாரோ தவறுதலாக ஏற்றிவிட்டார்கள். அந்த வண்டி போனது கிரேவ்ஸெண்ட் துறைமுகத்துக்கு. அங்கிருந்து சாமான்கள் போக வேண்டியது மேற்கிந்தியத் தீவுகளுக்கு! பெட்டிக்குள் அவர் கையிருப்பு 7 பவுண்டும் இருந்தது. உடனே குதிரையில் ஆள் அனுப்பி, இரண்டு மூன்று மைல் தூரத்தில் வண்டியை மறித்துப் பெட்டியை மீட்டார்கள்.

அப்படி என்ன பெட்டி அது? மூடி வைத்தால் சாதாரண மரப்பெட்டி. திறந்து விரித்தால் எழுதுவதற்கு வசதியாகச் சாய்வான பலகை. நம்ம ஊர் மண்டியில கணக்குப்பிள்ளை முன்னாடி சாய்வா ஒரு பெட்டி இருக்குமே, கிட்டத்தட்ட அதே ஐடியா. பலகைக்கு அடியில் காகிதம் வைக்க இடம், மைப்புட்டிக்குத் தனி அறை, பக்கத்தில் ஒரு இழுப்பறை. மடியிலோ மேஜையிலோ வைத்து எழுதலாம், பயணத்துக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தக் காலத்து லேப்டாப்னே சொல்லலாம்.

ஜேன் 1775 டிசம்பர் 16-ல் ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் கிராமத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் அந்த ஊர்ப் பாதிரியார். சம்பளம் பத்தாமல் வீட்டிலேயே பையன்களைத் தங்கவைத்துப் பாடம் நடத்தியவர். 1794 டிசம்பரில் அவர் பக்கத்து டவுனான பேசிங்ஸ்டோக்கில் 12 ஷில்லிங் கொடுத்து இழுப்பறை வைத்த ஒரு மஹாகனி எழுதும் பெட்டி வாங்கினார். மகளின் 19-வது பிறந்தநாளுக்காகத்தான் வாங்கியிருப்பார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெண்கள் கதை எழுதுவதைப் பெருமையாக நினைக்காத காலம் அது. 1797-ல் ஜேன் ஒரு நாவலை முடித்ததும், லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் போட்டுக் கேட்டதும் அந்த அப்பாதான். கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கூடப் பார்க்காமல் மறு தபாலிலேயே வேண்டாம் என்று பதில் வந்துவிட்டது. அந்த நாவல்தான் பின்னாளில் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' ஆனது.

1801-ல் குடும்பம் பாத் நகரத்துக்குக் குடிபோனது. 1802-ல் வசதியான வீட்டுப் பையன் ஒருவர் கல்யாணத்துக்குக் கேட்டார். ஜேன் சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலேயே வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1803-ல் 'சூசன்' என்ற நாவலை ஒரு பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கினார். வாங்கினாரே தவிர அச்சடிக்கவில்லை. 1805-ல் அப்பா இறந்தார். அம்மா, அக்கா கசாண்ட்ரா, ஜேன் மூவரும் அண்ணன் தம்பிகள் தரும் பணத்தை நம்பி வீடு மாறி மாறி இருந்தார்கள். 1809-ல் ஜேன் வேறு பெயரில் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதி நாவல் என்னாச்சு என்று கேட்டார். 10 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அப்போது அது திரும்பி வரவில்லை.

அதே வருஷம் அண்ணன் எட்வர்ட் சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுத்தார். அங்கேதான் எல்லாம் மாறியது. காலைச் சாப்பாடும் டீ, சர்க்கரைக் கணக்கும் மட்டும் ஜேன் பொறுப்பு. மீதி வீட்டு வேலையை அக்காவும் கூடவே தங்கியிருந்த தோழி மார்த்தா லாய்டும் பார்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பேர் கொடுத்த நேரத்தில்தான் நாவல்கள் வந்தன. மார்த்தாவின் சமையல் குறிப்பு நோட்டில் மை தயாரிக்கும் முறைகூட இருக்கு: மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின், பழைய பீர். கலந்து அடுப்போரம் 14 நாள் வைத்து, தினமும் குலுக்கணும். கெமிஸ்ட்ரி லேபுக்குப் போகாமலே இரும்பு மை ரெடி!

எழுதத் தனி அறை கிடையாது. எல்லாரும் நடமாடும் கூடத்தில்தான் எழுதினார். கதவு கிறீச்சிடுவதைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சத்தம் கேட்டதும் தாளை மறைத்துவிடலாமே! அண்ணன் மகன் பின்னாளில் எழுதிய நூலில் இதைச் சொல்கிறார்.

1811-ல் 'சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிட்டி' வந்தது. நஷ்டம் வந்தால் ஜேன் பொறுப்பு என்ற ஒப்பந்தம். அட்டையில் பெயர் இல்லை, ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் இருந்தது. 140 பவுண்டு லாபம். 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' உரிமையை 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றார். 1813-ல் வெளியாகி அதே வருஷம் இரண்டாம் பதிப்பும் வந்தது, ஆனால் அவருக்கு மேற்கொண்டு எதுவும் இல்லை. 1814-ல் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்', 1815 கடைசியில் 'எம்மா'. 1816-ல் அண்ணன் ஹென்றி அந்த 10 பவுண்டைக் கொடுத்து 'சூசன்' பிரதியை மீட்டார்.

அதே 1816-ல் உடம்பு படுத்த ஆரம்பித்தது. இருந்தும் 'பெர்சுவேஷன்' நாவலை ஜூலையில் முடித்துவிட்டு, முடிவு பிடிக்காமல் அடித்துத் திருத்தி ஆகஸ்டில் மறுபடி எழுதினார். 1817 ஜூலை 18-ல் வின்செஸ்டரில் காலமானார். வயது 41. அவருடைய கல்லறைக் கல்லில் குணத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள், நாவல்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மீட்ட 'சூசன்', 'நார்த்தேங்கர் அபி' என்ற பெயரில் 'பெர்சுவேஷன்' கூடவே அந்த டிசம்பரில் வெளிவந்தது. அதில்தான் எழுதியவர் யார் என்பதை ஹென்றி ஊரறியச் சொன்னார்.

பெட்டி கசாண்ட்ரா கைக்குப் போய், தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்திலேயே இருந்து, 1999-ல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்தது. அடித்துத் திருத்திய அந்த 'பெர்சுவேஷன்' பக்கங்களும் அதே நூலகத்தில்தான் இருக்கின்றன. 2017-ல் இங்கிலாந்து வங்கி ஜேன் படம் போட்ட நோட்டு வெளியிட்டது. எத்தனை பவுண்டு நோட்டு தெரியுமா? பத்து!

12 ஷில்லிங் கொடுத்த அப்பாவையும், வேலையை இழுத்துப் போட்டுக்கொண்ட அக்காவையும் நினைச்சுப் பாருங்க. நம்ம ஒவ்வொருத்தர் வீட்டிலும் அப்படி யாராவது இருப்பாங்க. ஹார்ட் டிஸ்க்ல பாதியில கிடக்கிற அந்தக் கதையை, அவங்களுக்காகவாவது இந்த லீவுல முடிச்சிடுங்க. அப்படியே ஒரு பேக்கப்பும் எடுத்து வச்சுக்கோங்க!