தினமும் தெருவைப் படம் பிடித்தவர்

பாரிஸ் நகரம் இன்னும் கண் விழிக்கவில்லை. மான்பர்னாஸ் வட்டாரத்தில், ஒரு வீட்டின் மாடியிலிருந்து ஒரு மனிதர் மெல்ல இறங்கி வருகிறார். ஐந்து மாடிப் படிகள்! தோளிலே ஒரு பெரிய மூட்டை. கையிலே மூன்று காலுள்ள மர ஸ்டாண்டு. உடையிலே ஒட்டுத் துணி. பார்த்தவர்கள் கூலிக்காரர் என்றே நினைத்திருப்பார்கள்.

மூட்டைக்குள் இருந்தது ஒரு மரக் காமிரா. அதோடு கண்ணாடித் தகடுகள். எல்லாம் சேர்த்தால் 15 கிலோவுக்குக் குறையாது.

இப்படி ஏறக்குறைய 30 ஆண்டுகள் தெருத்தெருவாக நடந்தார் அந்த மனிதர். அவர் பெயர் யூஜீன் அட்ஜே.

அநாதைச் சிறுவன்

பிரான்சு நாட்டின் தென்மேற்கே லிபூர்ன் என்று ஓர் ஊர். 1857-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி அட்ஜே அங்கே பிறந்தார். தகப்பனார் வண்டி செய்கிற தொழிலாளி. அட்ஜேக்கு ஐந்து வயதாகும்போது அவர் இறந்துபோனார். தாயாரும் நீண்ட நாள் இருக்கவில்லை. தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் பிள்ளையை வளர்த்தார்கள்.

வாலிப வயதில் அட்ஜே கப்பலில் வேலை பார்த்தார். பிறகு நடிகராக வேண்டும் என்ற ஆசை வந்தது. பாரிசுக்கு வந்து நாடகக் கல்லூரிப் பரீட்சை எழுதினார். முதல் தடவை தோல்வி. மறு தடவை இடம் கிடைத்தது. ஆனால் கட்டாய ராணுவ சேவை குறுக்கிட்டது. பாதி நேரம் பாசறை, பாதி நேரம் பள்ளி. 1881-ல் கல்லூரியை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்து, சின்னச் சின்ன வேஷங்கள் கட்டினார். அங்கேதான் வாலன்டீன் என்ற நடிகையைச் சந்தித்தார். அவருக்கு ஏற்கெனவே ஒரு மகன் இருந்தான். வாலன்டீன்தான் கடைசிவரை அட்ஜேயின் துணைவி.

சில ஆண்டுகளில் அட்ஜேயின் தொண்டை கெட்டது. குரல் போன நடிகருக்கு மேடையில் என்ன வேலை? ஓவியம் வரைந்து பார்த்தார். அதுவும் சோறு போடவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பிறகு காமிராவைத் தூக்கினார்.

ஓவியர்களுக்குச் சரக்கு

அட்ஜே தம்மைக் கலைஞர் என்று சொல்லிக் கொள்ளவில்லை. ஓவியர்களுக்கு வேண்டிய மாதிரிப் படங்கள் இங்கே கிடைக்கும் என்று பலகை மாட்டினார். அவ்வளவுதான். ஓவியருக்கு ஒரு மரம் வேண்டுமா? ஒரு பழைய கதவு வேண்டுமா? அட்ஜேயிடம் வாங்கிக் கொள்ளலாம். காய்கறி விற்பது போல இதுவும் ஒரு வியாபாரம்.

அந்த வியாபாரம் பெரிய வேலையாக மாறியது எப்படி?

1853 முதல், மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி காலத்தில், பாரிசின் பழைய சந்துகளை இடித்து அகலமான சாலைகள் போட்டார்கள். சக்கரவர்த்தி போன பிறகும் இடிப்பு நிற்கவில்லை. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நகராட்சி 1897-ல் ஒரு குழு அமைத்தது. பழைய பாரிசைப் பற்றி மக்களிடையே பேச்சு எழுந்தது. அட்ஜேயும் அந்தச் சமயத்தில்தான் பழைய தெருக்களை வரிசையாகப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

அரண்மனையை யாரும் படம் எடுப்பார்கள். இவர் எடுத்தவை வேறு. மாடிப்படிகள், கிணற்றடிகள், கதவு தட்டும் இரும்பு வளையங்கள், கடைப் பலகைகள். இசைப்பெட்டி சுற்றிப் பிழைக்கும் தாடிக்காரரும், பக்கத்தில் நின்று சிரிக்கும் சிறு பெண்ணும் ஒரு படத்தில். விளக்கு மூடி விற்பவர் இன்னொரு படத்தில். ஊர் எல்லையில் குடிசை போட்டுக் கந்தல் பொறுக்கி வாழ்ந்த ஏழைகளையும் அவர் விடவில்லை. நம் வீட்டு மாடிப்படியை நாம் என்றைக்காவது படம் எடுத்ததுண்டா? கல்யாணம் என்றால்தான் நமக்குக் காமிரா ஞாபகம் வரும்!

மறைந்துபோன மனிதர்கள்

அட்ஜேயின் தெருக்களில் பெரும்பாலும் ஆளே இல்லை. அதிகாலையில் எடுத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் காமிரா. கண்ணாடித் தகட்டில் உருவம் பதிய, சில விநாடிகள் காமிராவைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்து போகிறவர் படத்தில் விழவே மாட்டார். விழுந்தாலும் புகைபோலத்தான் தெரிவார். அசையாமல் நிற்பவர் மட்டுமே தப்புவார்.

1908-ல் ஒரு மதுக்கடையின் வாசலை எடுத்தார். உள்ளே இருப்பவர்கள் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கிறார்கள். அதே கண்ணாடியில் அட்ஜேயின் காமிராவும் நிழலாகத் தெரிகிறது.

வீடு திரும்பினால் அடுத்த வேலை. தகடு 24 செண்டிமீட்டர் நீளம், 18 செண்டிமீட்டர் அகலம். அதன்மேல் காகிதத்தை வைத்து, மரச் சட்டத்தில் இறுக்கி, வெயிலில் காட்டுவார். தகடு எவ்வளவோ படமும் அவ்வளவே. மழை நாளில் இந்த வேலை நடக்காது. ஒவ்வொரு தகட்டிலும் ஓர் எண் கீறி வைப்பார். வாங்குகிறவர்களின் பெயர், விலாசம் எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்.

பெரிய நூலகமும் நகர அருங்காட்சியகமும் அவரிடம் படம் வாங்கின. ஆனாலும் வறுமை விலகவில்லை.

போரும் துக்கமும்

1914-ல் உலகப் போர் மூண்டது. வாலன்டீனின் மகன் அந்த ஆண்டே போர்க்களத்தில் மாண்டான். குண்டுக்குப் பயந்து, அட்ஜே கண்ணாடித் தகடுகளை நிலவறைக்குள் கொண்டுபோய் வைத்தார். போர்க்காலத்தில் அவர் படம் எடுப்பதும் அநேகமாக நின்றுபோயிற்று.

போர் முடிந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வாரிசு இல்லை. அருமை தெரியாதவர்கள் கையில் தகடுகள் சிக்கினால் என்ன ஆகும்? இந்தக் கவலை அவரை வாட்டியது. 1920-ல் அரசாங்கத்தின் கலைத் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். பலன் கிடைத்தது. 2,621 தகடுகளை 10,000 பிராங்குக்கு அரசாங்கம் வாங்கிக் கொண்டது.

கவலை தீர்ந்தது, இனி ஓய்வு என்று உட்கார்ந்தாரா? இல்லை. மீண்டும் மூட்டையைத் தூக்கினார். 1925-ல், 68 வயதில், நகருக்கு வெளியே இருந்த சோ பூங்காவுக்குத் திரும்பத் திரும்பப் போய், பாசி படிந்த சிலைகளையும் இலையுதிர்ந்த மரங்களையும் எடுத்தார். அவருடைய மிக அழகிய படங்களில் சில இந்தக் கிழ வயதில் எடுத்தவைதான் என்பது என் எண்ணம்.

பெயர் வேண்டாம்

அதே தெருவில் மான் ரே என்ற அமெரிக்கப் போட்டோக்காரர் இருந்தார். புதுமைக் கலைஞர்களின் நண்பர். 1912-ல் சூரிய கிரகணத்தை ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பதை அட்ஜே எடுத்திருந்தார் அல்லவா, அந்தப் படம் 1926-ல் அவர்களுடைய பத்திரிகையின் அட்டையில் வந்தது. தம் பெயரைப் போட வேண்டாம் என்று அட்ஜே கேட்டுக் கொண்டார். பெயரும் போடவில்லை.

அந்த ஆண்டே வாலன்டீன் இறந்தார். அட்ஜே தனிமரமானார்.

மான் ரேயிடம் உதவியாளராக இருந்தவர் பெரனீஸ் ஆபட் என்ற அமெரிக்கப் பெண். அட்ஜேயின் படங்களைக் கண்டு வியந்தவர். பிறகு தனி ஸ்டுடியோ வைத்த அவர், 1927-ல் கிழவரை அழைத்துப் படம் எடுத்தார். வழக்கமான ஒட்டுப் போட்ட உடையோடு வருவார் என்று ஆபட் எதிர்பார்த்தார். அட்ஜேயோ, இருப்பதில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்!

படத்தைக் காட்ட ஆபட் மாடியேறிப் போனபோது அட்ஜே உயிரோடு இல்லை. 1927 ஆகஸ்டு 4-ந் தேதி அவர் காலமாகி விட்டார்.

மீதித் தகடுகள் எங்கே? ஆபட் விசாரித்தார். அட்ஜேயின் நண்பரான ஒரு பழைய நடிகரிடம் அவை இருந்தன. 1928-ல் அவற்றை வாங்கி, பிறகு நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். சுமார் 40 ஆண்டுகள் கண்போல் காத்தார். புத்தகம் போட்டார், கண்காட்சி வைத்தார். 1968-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அந்தத் தொகுப்பை வாங்கிக் கொண்டது. அட்ஜே தம் கையால் கீறிய எண்கள் அந்தத் தகடுகளில் அப்படியே இருக்கின்றன.